பத்து மணிக்குப் படகு எடுக்காதீர்கள்

ஐந்து நாள் ஒரு ஏரிக்கரையில் இருந்துவிட்டு வந்திருக்கிறோம். நான், கணவர், மகள், என் அண்ணன். ஏரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த முறை எங்களுக்கே வீடு கிடைக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இங்கே எழுதப்போவது எந்த ஏரிக்கும் ஏறக்குறையப் பொருந்தும். சுற்றிலும் மலை, நடுவில் நல்ல ஆழம், ஒரு கரையில் வாடகைப் படகுகள், அங்கங்கே தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் நாலு பேர், இப்படி உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன்பே அண்ணன் ஒரு அட்டவணை போட்டிருந்தான். நிதானமாக எழுந்து பத்து மணிக்குப் படகு, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மறுபடி படகு, நாலு மணிக்குத் தூண்டில், ஆறு மணிக்குள் வீடு. ஆபீஸ் நேரத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்த மாதிரி இருந்தது. ஏரி அந்த நேரத்தில் வேலை செய்வதில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

முதல் நாள் பத்து மணி. நானும் அண்ணனும் மட்டும் ஒரு துடுப்புப் படகை எடுத்தோம். எங்கள் கரையில் தண்ணீர் சலனமே இல்லாமல் இருந்தது. முதுகில் இதமாக லேசான காற்று. படகு தானாகவே போகிற மாதிரி ஓர் உணர்வு, அண்ணனுக்கோ தான் பிறவிப் படகோட்டி என்று நினைப்பு. அரை மணியில் ஏரியின் நடுப்பகுதியைத் தாண்டிவிட்டோம். திரும்பலாம் என்று படகைத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது, படகு தானாகப் போகவில்லை, காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அதற்குள் காற்றும் ஏறிவிட்டது. பத்துத் துடுப்பு வலித்தால் ஐந்து துடுப்புத் தூரம்தான் முன்னால் போகிறோம், ஒரு நிமிடம் மூச்சு வாங்க நின்றால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், நாங்கள் கிளம்பிய கரையில் அலையே இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தக் கரையில் எப்போதும் தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும். அலை எழும்பக் காற்றுக்குத் தண்ணீரின் மேல் ஓட இடம் வேண்டும், ஓட ஓடத்தான் அலை வளரும். அதனால் கரையில் நின்று பார்த்து "இன்றைக்கு ஏரி அமைதியாக இருக்கிறதே" என்று முடிவு செய்வது வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்குள் என்ன சண்டை என்று ஊகிப்பது போலத்தான். எதிர்க்கரையில் அந்த நேரத்தில் அலை பாறையில் மோதித் தெறித்துக்கொண்டிருந்தது. ஏரி அலை கடல் அலை போல நீளமாக, மெதுவாக வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறிக்கொண்டு வரும். சின்னப் படகுக்கு இது ரொம்பவே சங்கடம். பக்கவாட்டில் வாங்கினால் படகு உருளும், தண்ணீர் உள்ளே விழும். முனையைச் சற்றுச் சாய்வாக அலைக்கு எதிரே வைத்துக்கொண்டு மெதுவாக வருவதுதான் வழி. அதை நாங்கள் பாடமாகப் படிக்கவில்லை, இரண்டு தடவை மடியில் தண்ணீர் விழுந்த பிறகு படகே சொல்லிக்கொடுத்தது.

அப்புறம் இந்தத் துடுப்பு. துடுப்புப் படகில் நாம் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். இது தெரியும்தான், ஆனால் தெரிவதும் உட்காருவதும் வேறு வேறு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் படகு பாம்பு போல வளைந்து வளைந்துதான் போகும். விட்டுவந்த கரையில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கிற இரண்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எங்களுக்கு ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு சிவப்புக் கூரையும். இரண்டும் ஒரே கோட்டில் இருக்கிற வரை படகு நேராகப் போகிறது. மரம் கூரையை விட்டு விலகினால் நாம் ஒரு பக்கம் ஒதுங்குகிறோம். அடுத்து, கையால் இழுக்கக் கூடாது. காலை ஊன்றி முதுகால் இழுக்க வேண்டும், கை கடைசியில்தான் மடங்க வேண்டும். அண்ணன் கையாலேயே இழுத்தான், மறுநாள் சட்டைப் பொத்தான் போட முடியாமல் இருந்தான். துடுப்பின் தட்டை தப்பான கோணத்தில் தண்ணீருக்குள் போனால் சிக்கிக்கொண்டு கைப்பிடி வந்து நெஞ்சில் இடிக்கும். துடுப்புப் போட்டி ஆட்கள் இதற்கு நண்டு பிடிப்பது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மீன் பிடிக்க வந்த அண்ணன் முதல் நாளில் பிடித்தது ஏழெட்டு நண்டுகள்.

கரைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. படகுத்துறையில் எப்போதும் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. "தம்பி, போகும்போது காற்றை எதிர்த்துப் போகணும். வரும்போது அது கொண்டுவந்து விட்டுடும். நீங்க மாத்திச் செஞ்சுட்டீங்க" என்றார். இவ்வளவுதான் விஷயம். ஒரு வரி. இதை யாராவது காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் நாளிலிருந்து அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டோம். விடியற்காலை ஐந்தரைக்குப் படகு, ஒன்பது மணிக்குள் கரை. நடுப்பகல் முழுக்கத் தூக்கம், நிழல், நீச்சல். மறுபடி சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகு. ஏன் இப்படி என்றால், இரவில் தரை குளிர்ந்து அதை ஒட்டிய காற்று கனமாகிக் கீழேயே படிந்து கிடக்கும். மேலே ஓடுகிற காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு போர்வை போல அது இருப்பதால் விடியலில் ஏரி கண்ணாடியாக இருக்கிறது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கீழ்க்காற்று மேலே எழும்ப, மேலே இருக்கிற வேகமான காற்று கீழே இறங்கிக் கலக்கிறது. மலைப் பள்ளத்தாக்கு என்றால் இதோடு இன்னொன்றும் சேரும், பகலில் காற்று பள்ளத்தாக்கின் மேல்முகமாக ஏறும், இரவில் இறங்கும். எங்கள் ஏரி பள்ளத்தாக்கின் நீளவாக்கில் கிடந்தது, படகுத்துறை கீழ்முனையில். பத்து மணிக்குப் படகு எடுத்தவர்கள் எல்லாரும் மேல்முனைக்குத்தான் தள்ளப்படுவார்கள், தினமும் பார்த்தோம். மூன்றாம் நாள் ஒரு குடும்பத்தை மோட்டார் படகு போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. நானும் சிரிக்கவில்லை.

உயிர்க்காப்பு உடுப்பு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நீட்ட மாட்டேன். முதல் நாள் நாங்கள் அதை இருக்கைக்கு அடியில் வைத்திருந்தோம், வெயிலில் கசகசவென்று இருக்கிறதென்று. தண்ணீரில் விழுந்த பிறகு அதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது எவ்வளவு அபத்தம் என்று ஒருமுறை நீச்சல் தெரிந்தவர்களே ஆழமில்லாத இடத்தில் முயன்று பாருங்கள். கடும் குளிர்ந்த நீரைப் பற்றி 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. திணறும் மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம், அதன் பிறகு கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்தான், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். ஆக, குளிர் நம்மைக் கொல்வதற்கு வெகு முன்பே நீச்சல் நம்மைக் கைவிட்டுவிடும். படகு கவிழ்ந்தால் கரை பக்கமாகத்தான் தெரிகிறதென்று நீந்திப் போகக் கூடாது, படகைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் மேல் தூரம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். சரி, அடுத்தது.

நீச்சலில் மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். படகிலிருந்து நேராகக் கால் கீழே வர இறங்கியவள், "அம்மா, மேலே வெதுவெதுன்னு இருக்கு, கால்கிட்ட ஐஸ்!" என்று கத்தினாள். அது வெறும் தோற்றம் இல்லை. கோடையில் ஆழமான ஏரி நிஜமாகவே இரண்டு ஏரியாகப் பிரிந்துவிடுகிறது. வெயில் பட்ட வெது நீர் லேசாகி மேலே மிதக்கும், குளிர்ந்த நீர் கனமாக அடியில் கிடக்கும், நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் வெப்பம் சட்டென்று விழும். தண்ணீர் மிகக் கனமாக இருப்பது ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில். அதனால் குளிர்நாடுகளின் ஆழமான ஏரிகளில் வெளியே எவ்வளவு கொளுத்தினாலும் அடியில் இந்த 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மேலும் கீழும் கலக்காததால் அடித்தண்ணீருக்குப் புதுக் காற்று போய்ச் சேராது. பாசியும் சேறும் அதிகமுள்ள ஏரிகளில் கோடை முடிவதற்குள் அடியில் ஆக்சிஜன் தீர்ந்தே போகும். மேலே சூடு, கீழே மூச்சு முட்டல். அப்போது மீன் எங்கே இருக்கும்? இடையில்தான்.

இது தெரியாமல்தான் இரண்டு நாளாக அண்ணன் முள்ளை அடிமட்டத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க காலி வீட்டுக் கதவைத் தட்டுறீங்க" என்றார்.

தூண்டில் பற்றி எங்களுக்குத் தெரிந்தது தக்கை, ஈயம், முள், புழு அவ்வளவுதான். அவரிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், இதில் கொஞ்சம் நான் பிறகு படித்ததும் கலந்திருக்கும். நாங்கள் எல்லாரும் மீன் பிடிக்கும்போது கிசுகிசுவென்று பேசினோம். அது தேவையே இல்லை. காற்றில் வருகிற சத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் போகும், மற்றதெல்லாம் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். ஆனால் படகின் பலகையில் துடுப்பைப் பொத்தென்று போட்டால், அந்த அதிர்வு நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். மீனின் உடலில் இரண்டு பக்கமும் அதை உணரவே ஒரு கோடு இருக்கிறது. ஆகவே வாய்க்குப் பூட்டு வேண்டாம், காலுக்குத்தான் வேண்டும். நாங்கள் அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறோம், ரகசியம் பேசிக்கொண்டே செருப்புக் காலோடு படகுக்குள் நடந்துகொண்டிருந்தோம்.

கண்ணும் அப்படித்தான். கீழிருந்து பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் மொத்தமும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னலுக்குள், ஏறத்தாழ 97 டிகிரி அகலத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு வெளியே மேற்பரப்பு வெறும் கண்ணாடிதான், ஏரியின் அடியையே திருப்பிக் காட்டும். கரையோரத்தில் நிமிர்ந்து நின்றால் அந்தச் சன்னலில் நாம் நன்றாகத் தெரிவோம். குந்தினால் விளிம்பில் நசுங்கிப்போய்ப் புதரோடு புதராகிவிடுவோம். பெரியவர் ஏன் எப்போதும் தண்ணீரைவிட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்தே இருந்தார் என்று புரிந்தது. நான் அவருக்கு முழங்கால் வலி என்று நினைத்திருந்தேன்.

ஆனால் பெரிய பாடம் வேறு. "எங்கே போட்டால் கிடைக்கும்?" என்று கேட்டதற்கு அவர் கையை நீட்டிக் காட்டியது, முதல் நாள் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்த அதே மேல்முனைக் கரையை. பகல் முழுக்க ஒரே பக்கமாக வீசுகிற காற்று மேல்மட்ட வெதுநீரை அந்தக் கரைக்குத் தள்ளிக் குவிக்கிறது. அதோடு நுண்ணுயிர்களும் போகின்றன, அதைத் தின்னக் குஞ்சு மீன், குஞ்சைத் தின்னப் பெரிய மீன். எங்களை அலைக்கழித்த காற்று அங்கே சாப்பாடு கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது! முதல் நாள் தண்ணீரின் மேல் நுரை நீள நீளக் கோடுகளாகக் காற்றின் திசையில் கிடந்ததையும் பார்த்திருந்தோம், அழுக்கு என்று நினைத்து முகம் சுளித்தேன். காற்று தண்ணீரை உருளை உருளையாகச் சுழற்றும்போது பக்கத்துப் பக்கத்து உருளைகள் சேர்ந்து கீழிறங்கும் இடத்தில் மிதப்பவை எல்லாம் கோடாகச் சேர்கின்றன. இர்விங் லாங்மியூர் என்ற விஞ்ஞானி 1927இல் அட்லாண்டிக் கடலில் கப்பலில் போகும்போது கடற்பாசி இப்படிக் கோடு கோடாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்து ஜார்ஜ் ஏரியில் சோதனை செய்து பார்த்து 1938இல் காரணத்தை எழுதினார். வேதியியலுக்கு நோபல் வாங்கிய ஆள், ஏரி நுரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள் மாலை மேல்முனைக்கு நடந்தே போனோம், கரையோரப் பாதையில் ஒரு மணி நேரம். காற்று இறங்கிக்கொண்டிருந்தது. தக்கையிலிருந்து முள்வரை இரண்டு ஆள் உயரம் விட்டு அண்ணன் போட்டான். கால் மணியில் தக்கை ஒருமுறை தலையாட்டியது, பிறகு சாய்ந்து படுத்தது, பிறகு காணோம். அண்ணன் சுண்டினான். தூண்டில் நரம்பு விண்ணென்று நின்றது, ஒரு பக்கமாக வெட்டியது, சட்டென்று தளர்ந்தது. இழுத்துப் பார்த்தால் முள் இல்லை. நரம்பின் நுனி பன்றிவால் மாதிரி சுருண்டு இருந்தது, அறுந்ததில்லை, முடிச்சு நழுவியது. அண்ணனின் முடிச்சு. நைலான் நரம்பில் முடிச்சுப் போட்டால் இறுக்குவதற்கு முன் எச்சில் வைத்து ஈரமாக்க வேண்டும், உலர்ந்த நரம்பை இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே பலம் போகும், சுற்றும் சரியாகப் படியாது. முள்ளின் காதில் நுழைத்து நரம்பின் மேலேயே ஐந்து சுற்றாவது சுற்ற வேண்டும். இவன் செருப்பு வாருக்குப் போடுகிற முடிச்சைப் போட்டிருந்தான்.

நான்காம் நாள் நான் முடிச்சுப் போட்டேன். மீன் கிடைத்தது. முழங்கை நீளம் இருக்கும் என்று அண்ணன் சொல்கிறான், அவன் முழங்கை இல்லை, மகளுடையது. விட்டுவிடுவதென்று முன்பே பேசி வைத்திருந்ததால் முள் நுனியில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவைத்திருந்தோம், கழற்றுவது சுலபமாக இருந்தது. கையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், உலர்ந்த கை அதன் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும், அதுதான் அதற்கு நோய் வராமல் காக்கும் சட்டை. போட்டோவுக்காக ஒரு நிமிடம் வெளியே பிடித்துக்கொண்டு நிற்பதெல்லாம் வேண்டாம், அது நம்மைத் தண்ணீருக்குள் அமுக்கிவைத்துச் சிரிக்கச் சொல்வது போல. எங்களிடம் இருக்கிற ஒரே படம் தண்ணீர் வளையத்தின் படம்.

ஈயக்குண்டை அறுத்து ஏரியில் விட்டுவிடாதீர்கள். கூழாங்கல் என்று நினைத்துப் பறவைகள் விழுங்கி ஈய விஷத்தில் சாகின்றன. அன்னங்கள் இப்படிச் செத்துப்போனதால்தான் பிரிட்டனில் 1987இல் சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடையே வந்தது. மிச்சப் புழுவையும் உயிர் இரையையும்கூடத் தண்ணீரில் கொட்டக் கூடாது. ஒரு ஏரியில் நனைந்த சாமானை நன்றாகக் காயவைக்காமல் இன்னொரு ஏரியில் இறக்கவும் கூடாது. வட அமெரிக்காவின் பேரேரிகளுக்குக் கப்பல்கள் எடைக்காக உள்ளே நிரப்பிக்கொள்ளும் தண்ணீரோடு வந்து சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி, 1988இல் கண்ணில் பட்டது, அங்கிருந்து சின்னச் சின்ன ஏரிகளுக்கெல்லாம் பரவியதில் விடுமுறைப் படகுகளுக்கும் பங்கு உண்டு.

ஒரு மானக்கேட்டையும் எழுதிவிடுகிறேன். மூன்றாம் நாள் முள் போன பிறகு, இருட்டும் நேரத்தில் திரும்பி வந்து, நானும் அண்ணனும் சும்மா படகில் கொஞ்ச தூரம் போனோம். அங்கே முடிச்சில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், அப்பாவின் பழைய சைக்கிளை யார் விற்றது என்பதில் வந்து நின்றது. "நீதான் வித்தே அண்ணா, எனக்குத் தெரியும்." "உன் வீட்டுக்காரர்தான் ஆள் பார்த்துக் கொடுத்தார், அவரைக் கேளு." கரையிலிருந்து ஒரு கால் கிலோமீட்டராவது தள்ளி இருந்தோம், யாருக்கும் கேட்காது என்ற தைரியம். வீட்டுக்கு வந்தால் கணவர் வாசலில் நின்றுகொண்டு, "நான் ஆள் பார்த்துக் கொடுக்கலை, போன் நம்பர் மட்டும்தான் கொடுத்தேன்" என்கிறார். அமைதியான மாலையில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே இருப்பது வெதுவெதுப்பாகவும் இருந்தால், மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழேயே இறங்கி நெடுந்தூரம் போகும். மீனுக்குக் கேட்காத பேச்சு கரைக்குக் கேட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மறுநாள் எங்களைப் பார்த்த பார்வையில் சைக்கிள் தெரிந்தது.

மகளுக்கு மீனைவிடப் பிடித்துப்போனது இன்னொரு வேலை. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி படகிலிருந்து இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று கயிற்றில் முடிச்சு எண்ணிக் குறிப்பது. ஏஞ்சலோ செக்கி என்ற பாதிரியார், வானியலாளரும்கூட, 1865இல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து இப்படி வெள்ளைத் தட்டை இறக்கித் தண்ணீரின் தெளிவை அளந்தார், இன்றும் ஏரி ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பைசா செலவில்லை, குழந்தை ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கும். விடியலில் ஒரு கணக்கு, காற்றடித்த மறுநாள் வேறு கணக்கு. மேல்முனையில் தண்ணீர் கலங்கலாக இருந்ததால் பாதி ஆழத்திலேயே தட்டு மறைந்துவிட்டது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தாள்.

கடைசி நாள் விடியற்காலை ஏரி மேல் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நாலு பேரும் ஒரே படகில். அண்ணன் துடுப்பு வலித்தான், இப்போது நண்டு பிடிப்பதில்லை. நடு ஏரியில் நிறுத்தி, மகள் கடைசி அளவு எடுக்கத் தட்டை இறக்கினாள். அவசரத்தில் அன்றைக்குக் கயிறு கட்டியது மாமா. மூன்றாவது முடிச்சு போகும்போதே கையில் கயிறு லேசாகிவிட்டது என்றாள். நாலு பேரும் ஒரே பக்கமாக எட்டிப் பார்க்கப் போய்ப் படகு சாய, கணவர் அவசரமாக எதிர்ப்பக்கம் நகர்ந்தார். வெள்ளைத் தட்டு சாய்ந்து சாய்ந்து, மெதுவாக, ரொம்ப நேரம் தெரிந்துகொண்டே போனது. மகள் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், மறைந்ததும் நோட்டில் எண்ணை எழுதிவிட்டு, பக்கத்தில் "கயிறு இல்லாமல்" என்று குறித்துக்கொண்டாள்.

தட்டு வாடகை வீட்டினுடையது. சாவியைக் கொடுக்கும்போது அதற்கும் சேர்த்துக் கணக்குத் தீர்த்துவிட்டு வந்தோம். அண்ணன்தான் கொடுத்தான்.